‘கிளீவ்’: பிளப்பதற்கும் ஒட்டுவதற்கும் ஒரே வினைச்சொல்லா?

மையெழுத்து

வணக்கம் நண்பர்களே. உயிர்வேதியியல் கட்டுரை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ஒரு நொதி புரதத்தைக் ‘கிளீவ்’ செய்கிறது என்று முதல் பக்கத்திலேயே வருகிறது. எழுத்துக் கூட்டினால் சி, எல், ஈ, ஏ, வி, ஈ. துண்டாக்குகிறது என்று போட்டுவிட்டு நகர்ந்தேன். கடைசிப் பக்கத்தில், சில ஆய்வாளர்கள் இன்னும் பழைய கோட்பாட்டோடு ‘கிளீவ்’ செய்கிறார்கள் என்று வருகிறது. அங்கேயும் துண்டாக்குவது என்று எடுத்துக்கொண்டால் ஆசிரியர் சொல்ல வந்தது தலைகீழாகிவிடும். அகராதியில் பிளத்தல் என்றும் இருக்கிறது, ஒட்டிக்கொள்ளுதல் என்றும் இருக்கிறது.

இரண்டு கேள்விகள். நேரெதிரான இரண்டு பொருள் ஒரே வினைச்சொல்லுக்கு எப்படி வந்தது? படிக்கும்போது எது எந்தப் பொருள் என்று எதை வைத்து முடிவு செய்வது?

பக்கம்புரட்டி

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அது சுலபம். பின்னால் ‘டு’ வந்தால் ஒட்டுவது. பழைய நடையில் அதுவே ‘அன்டு’ என்று இருக்கும். எதைப் பிளக்கிறோமோ அது நேராகச் செயப்படுபொருளாக வந்தால் பிளப்பது: மரத்தைப் பிளந்தான், நொதி புரதத்தைப் பிளக்கிறது. ‘த்ரூ’ வந்தாலும் பிளப்பதுதான். கப்பல் அலையைக் கிழித்துக்கொண்டு போவதை அப்படி எழுதுவார்கள். இரண்டாக என்ற பொருளில் ‘இன் டூ’ வருவதும் உண்டு. அந்த ‘டூ’ எண், இந்த ‘டு’ முன்னிடைச்சொல். வேகமாகப் படிக்கும்போது அதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்விக்கு, அகராதியை இன்னொரு தடவை பாருங்கள். பெரிய அகராதிகளில் இது ஒரே பதிவாக இருக்காது. தலைச்சொல்லின் பக்கத்தில் சின்னதாக 1, 2 என்று எண் போட்டு இரண்டு பதிவுகளாகப் பிரித்திருப்பார்கள். ஒரே எழுத்து, ஒரே ஒலி, பிறப்பு வேறு என்பதற்கான அடையாளம் அது. விரிவாகச் சொல்ல வேறு யாராவது வருவார்கள்.

சொல்வேர்

பக்கம்புரட்டி சொன்னதுதான் சரி. இது இரண்டு பொருள் கொண்ட ஒரு சொல் அல்ல. ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டிருக்கும் இரண்டு சொற்கள். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தெளிவாகும் என்பதால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

பழைய ஆங்கிலத்தில் பிளப்பதற்கு ‘கிளேயொவன்’ என்று ஒரு வினை இருந்தது. ஒட்டிக்கொள்வதற்கு ‘கிளிவியன்’ என்று இன்னொன்று. இரண்டிலும் நடுவில் எழுதியது எஃப் என்ற எழுத்துதான். உயிர்களுக்கு நடுவில் வந்தால் அது ‘வ’ போல ஒலிக்கும். இந்த இரண்டையும் அன்றைய ஆங்கிலேயர் யாரும் குழப்பிக்கொண்டிருக்க வாய்ப்பில்லை, ஏனென்றால் உயிரும் வேறு, இறந்தகாலம் அமையும் விதமும் வேறு. முதலாவது வலுவினை, அதாவது காலம் மாறும்போது உள்ளே இருக்கும் உயிரே மாறும்: சிங், சாங், சங் என்று மாறுகிறதே, அந்த வகை. இரண்டாவது மெல்வினை, பின்னால் ஒரு விகுதியைச் சேர்த்துக்கொண்டு போய்விடும்.

குழப்பம் இடைக்கால ஆங்கிலத்தில் வந்தது. ‘கிளிவியன்’ என்பதில் இருந்த குறில் இகரம் நீண்டு ஏகாரமாயிற்று. ‘கிளேயொவன்’ என்பதில் இருந்த ஈருயிர் ஒலி சுருங்கி அதுவும் ஏகாரமாயிற்று. இரண்டும் ‘கிளேவென்’ என்ற ஒரே இடத்தில் வந்து நின்றன. அதற்குப் பிறகு ஆங்கில நெடில்கள் எல்லாம் இடம்பெயர்ந்த பெரிய உயிர்மாற்றத்தில் ஏகாரம் ஈகாரமானது. அப்போது இரண்டும் சேர்ந்தே ‘கிளீவ்’ என்று நகர்ந்தன.

ஜெர்மன் மொழியில் இந்த விபத்து நடக்கவில்லை. அங்கே ‘கிளீபென்’ என்றால் பிளப்பது, ‘கிளேபென்’ என்றால் ஒட்டுவது. முதலாவது இப்போது வட்டார வழக்காகக் குறுகிவிட்டது, இரண்டாவது அன்றாடச் சொல். பசைக்கே ‘கிளேப்ஸ்டாஃப்’ என்றுதான் பெயர். டச்சில் ‘கிளீவன்’, ‘கிளேவன்’. ஸ்வீடிஷ் மொழியிலும் இந்த இரட்டையர் தனித்தனியாகவே இருக்கிறார்கள். உறவு மொழிகளில் எல்லாம் தனியாக நிற்கும் இரண்டு சொற்கள் ஆங்கிலத்தில் மட்டும் ஒன்றாகத் தெரிகின்றன என்றால், ஒன்றானது ஆங்கிலத்துக்குள் நடந்த ஒலிமாற்றத்தால்தான்.

இன்னும் பின்னால் போனால் இந்தோ ஐரோப்பிய வேர்களும் வேறு வேறு. பிளப்பதன் வேரிலிருந்து கிரேக்கத்தில் செதுக்குவதற்கான ‘கிளிஃபெய்ன்’ வந்தது. எகிப்தியச் சித்திர எழுத்தைக் குறிக்கும் ‘ஹைரோகிளிஃப்’, எழுத்துரு செய்பவர்கள் நாள் முழுக்கச் சொல்லும் ‘கிளிஃப்’ எல்லாம் அதன் வழி. கிரேக்கத்தில் ‘க’ மெலிந்து ஜி-யாக ஒலிக்கிறது, ஆங்கிலத்தில் கே-யாக வலிக்கிறது. அந்த மாற்றம் ஜெர்மன் மொழியியலாளர் யாக்கோப் கிரிம் 1822-இல் வகுத்துக் காட்டிய விதிப்படியே நடந்திருக்கிறது. ஒட்டுவதன் வேரிலிருந்து களிமண்ணைக் குறிக்கும் ‘கிளே’ வந்தது. பசையைக் குறிக்கும் ‘குளூ’வும் அதே குடும்பம்தான், லத்தீன், பிரெஞ்சு வழியாகச் சுற்றி வந்தது. பற்றிப் பற்றி மேலேறும் ‘கிளைம்ப்’ என்ற வினையையும் இந்தக் குடும்பத்தில்தான் சேர்க்கிறார்கள்.

தமிழில் ‘ஆறு’ என்ற ஒலிக்குள் நதியும் எண்ணும் இருக்கின்றன. யாரும் அதைக் கண்டு வியப்பதில்லை. இங்கே வந்து மோதிய இரண்டும் எதிரெதிர்ப் பொருளாக அமைந்துவிட்டதால்தான் கண்ணில் படுகிறது.

மனவெளி

நல்ல விளக்கம். ஆனால் இன்னொரு பார்வையும் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃபிராய்ட் 1910-இல் ஆதிச் சொற்களின் எதிர்ப்பொருள் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். கார்ல் ஆபெல் என்ற மொழியியலாளர் 1884-இல் வெளியிட்ட ஒரு சிறு நூல்தான் அதற்கு அடிப்படை. பழைய எகிப்திய மொழியில் ‘கென்’ என்ற ஒரே சொல் வலிமையையும் குறிக்கும், வலிமையின்மையையும் குறிக்கும் என்பது ஆபெலின் வாதம். வலிமை என்ற எண்ணமே அதன் எதிரோடு ஒப்பிட்டால்தான் பிறக்கும், ஆகவே ஆதி மனிதன் இரண்டையும் ஒரே சொல்லில் வைத்தான், பிறகுதான் பிரிக்கக் கற்றுக்கொண்டான் என்கிறார். கனவும் இப்படித்தான், அதற்கு ‘இல்லை’ என்று சொல்லத் தெரியாது, ஒன்றைக் காட்டி அதன் எதிரைக் குறிக்கும் என்று ஃபிராய்ட் அதை விரிக்கிறார். ‘கிளீவ்’ அந்தப் பழைய நிலையின் மிச்சமாக ஏன் இருக்கக் கூடாது?

சொல்வேர்

மனவெளி, நீங்கள் அந்தக் கட்டுரையைக் கொண்டு வந்தது நல்லதாயிற்று, ஏனென்றால் நாம் பேசிக்கொண்டிருக்கும் இந்தச் சொல்லே அதில் இருக்கிறது. ஜெர்மன் ‘கிளேபென்’ ஒட்டுவது, ஆங்கில ‘கிளீவ்’ பிளப்பது, பாருங்கள் ஒரே சொல் எதிரெதிராகப் பிரிந்துவிட்டது என்று ஆபெல் காட்டிய இணையை ஃபிராய்ட் அப்படியே எடுத்துத் தருகிறார். ஆனால் மேலே சொன்னபடி ஜெர்மன் ‘கிளேபென்’ உடன் நிற்க வேண்டியது ஒட்டுகிற ஆங்கில ‘கிளீவ்’. பிளக்கிற ‘கிளீவ்’ உடன் நிற்க வேண்டியது ஜெர்மன் ‘கிளீபென்’. இணை மாறிவிட்டது. மாறிய இணையை வைத்து ஆதி மனிதனின் மனத்தைப் பற்றி ஒரு முடிவுக்கு வர முடியாது.

பிரெஞ்சு மொழியியலாளர் எமில் பென்வெனிஸ்ட் 1956-இல் ஒரு கட்டுரையில் ஆபெலின் எடுத்துக்காட்டுகளை எடுத்து வைத்துப் பதில் சொன்னார். அதில் எனக்கு மிகவும் பிடித்தது லத்தீன் ‘அல்டுஸ்’ பற்றிய பகுதி. உயரம், ஆழம் இரண்டுக்கும் அந்த ஒரே சொல்தான். நமக்கு அவை எதிரெதிராகத் தெரிகின்றன. லத்தீன்காரருக்கு அப்படி இல்லை, அவர் அடியிலிருந்து மேல் நோக்கி அளக்கிறார். மரத்தின் அடியிலிருந்து உச்சிவரை இருப்பதும் கிணற்றின் அடியிலிருந்து விளிம்புவரை இருப்பதும் அவருக்கு ஒரே அளவு. எதிர் என்பது நம் மொழி போட்ட கோடு, அதை இன்னொரு மொழியின் மேல் வைத்துப் பார்க்கக் கூடாது.

கனவைப் பற்றி ஃபிராய்ட் சொன்னது சரியா தவறா என்பது வேறு வழக்கு. அதற்குச் சாட்சியாக இந்தச் சொல்லை அழைக்க முடியாது என்பதுதான் என் கட்சி.

மனவெளி

‘கிளேபென்’ விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். கனவு பற்றிய பகுதி தனியாக நிற்கும் என்றே நினைக்கிறேன், அதைத் தனி இழையில் பேசுவோம். ஒரு தகவல் மட்டும்: மனம் பிளவுபடுவதற்கு ஃபிராய்ட் ஜெர்மனில் ‘ஷ்பால்டுங்’ என்ற சொல்லைப் பயன்படுத்துகிறார். அதைப் பிரெஞ்சில் ‘கிளிவாஜ்’ என்று சொல்கிறார்கள். ஒலியைப் பார்த்தால் நம் சொல்லின் சொந்தம் போலத் தெரிகிறது.

பாறைமுகடு

சொந்தமேதான். நான் கனிமவியல் பக்கம். பிரெஞ்சுக்காரர் ‘கிளிவே’ என்ற வினையை டச்சு ‘கிளீவன்’ என்பதிலிருந்து எடுத்தார்கள். வைரம் பிளக்கும் டச்சுத் தொழிலாளர்களின் வாயிலிருந்து வந்த சொல் அது. மன ஆய்வுக்குப் போன சொல்லுக்குப் பிறந்த இடம் வைரப் பட்டறை.

மொழிபெயர்ப்பவருக்கு நான் சொல்ல விரும்புவது வேறு ஒன்று. பிளக்கிற ‘கிளீவ்’ வெட்டுவது அல்ல. வெட்டுகிறவர் தான் நினைத்த இடத்தில் வெட்டலாம். ‘கிளீவ்’ செய்கிறவர் பொருள் எங்கே பிரியத் தயாராக இருக்கிறதோ அங்கேதான் பிளக்க முடியும். எங்கள் துறையில் ‘கிளீவேஜ்’ என்பது ஒரு கனிமத்தின் குணம், அடையாளம் காண உதவும் பண்பு. மைக்காவை, அதாவது காக்கைப்பொன்னை எடுத்துக்கொள்ளுங்கள். நகத்தை ஓரத்தில் நுழைத்தால் போதும், ஏடு ஏடாக உரிந்துவரும். ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய ஏடு வந்த பிறகும் அதை இன்னும் இரண்டாக உரிக்கலாம். காரணம் அணு அமைப்பில் இருக்கிறது: ஒவ்வொரு ஏட்டுக்குள்ளும் பிணைப்பு வலுவானது, ஏடுகளுக்கு நடுவில் பொட்டாசியம் அயனிகள் பிடித்திருக்கும் பிணைப்பு வலுவற்றது. அந்த ஒரு திசையில் மட்டும்தான் பிளக்கும். கல்லுப்பு மூன்று திசைகளில், மூன்றும் செங்குத்தாக. அதனால் அதை எவ்வளவு உடைத்தாலும் சின்னச் சின்னக் கட்டமாகவே உடையும். கால்சைட்டும் மூன்று திசைதான், ஆனால் சாய்ந்த கோணம், ஆகவே சாய்சதுரத் துண்டுகள். குவார்ட்ஸுக்கு அப்படிப்பட்ட தளம் கிடையாது. அடித்தால் சிப்பியின் உட்புறம்போல வளைந்து உடையும். நாங்கள் அதைக் ‘கிளீவ்’ ஆனது என்று சொல்லவே மாட்டோம், ‘ஃபிராக்சர்’ ஆனது என்றுதான் சொல்வோம்.

வைரம் நான்கு திசைகளில் பிளக்கும். உலகிலேயே கடினமான இயற்கைக் கனிமம், ஆனால் சரியான தளத்தில் ஒரு தட்டுத் தட்டினால் இரண்டாகிவிடும். 1905-இல் தென்னாப்பிரிக்காவில் கிடைத்த கல்லினன் வைரம் 3,106 காரட், அதாவது சுமார் 621 கிராம். 1908-இல் ஆம்ஸ்டர்டாமில் யோசெஃப் ஆஷர் அதைப் பிளந்தார். வேலை முறையைப் பார்த்தால் இந்த வினையின் பொருள் விளங்கும். எந்தத் தளத்தில் பிரியும் என்று நெடுநேரம் ஆராய்வார்கள், பிறகு அந்த இடத்தில் ஒரு சிறு பள்ளம் போடுவார்கள், மழுங்கலான ஒரு தகட்டை அதில் நிறுத்தி மேலே ஓர் அடி. தகடு எதையும் வெட்டுவதில்லை, ஆப்புபோல நுழைந்து விலக்குகிறது. ஆராய்ந்த தளம் தவறென்றால் கல் நொறுங்கிவிடும்.

வில்லோமட்டை

பாறைமுகடு சொன்னது மரத்துக்கும் அப்படியே பொருந்தும். சொல்லப்போனால் மரம்தான் இந்த வினைக்கு முதல் வீடு. கிரிக்கெட் மட்டை செய்பவர்கள் பேசுவதைக் கேட்டால், செதுக்குவதற்கு முந்தைய மரக்கட்டையை ‘கிளெஃப்ட்’ என்றுதான் சொல்வார்கள். இங்கிலீஷ் வில்லோ மரத்தை மட்டை நீளத்துக்கு உருளைகளாக அறுத்துக்கொள்வார்கள். அதுவரைதான் அறுப்பது. அதன் பிறகு உருளையின் முகத்தில் நடுவிலிருந்து வெளிவட்டம் நோக்கி ஆப்பு வைத்து அடித்துப் பிளப்பார்கள். ஆப்பு நார் போகிற போக்கிலேயே போகும். ரம்பத்துக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, நாரைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போய்விடும். மட்டையின் முகத்தில் மேலிருந்து கீழாக நேர்நேராக ஓடும் கோடுகள் இருக்கின்றன அல்லவா, நாரோட்டம் காப்பாற்றப்பட்டதன் அடையாளம் அது. பிளந்த பிறகு ஓரம் சீவி, இரண்டு முனையையும் மெழுகில் தோய்த்துக் காய வைப்பார்கள், முனை மட்டும் சீக்கிரம் காய்ந்து வெடிக்காமல் இருக்க.

இங்கிலாந்தில் வேலி போடுவதற்குக்கூட அறுத்த ஓக், பிளந்த ஓக் என்று தனித்தனியாகக் கேட்டு வாங்குவார்கள். பிளந்ததற்கு ‘கிளெஃப்ட் ஓக்’ என்றுதான் பெயர்.

மையெழுத்து

எல்லோருக்கும் நன்றி. வெட்டுவது வேறு, பிளப்பது வேறு என்பது எனக்கு நேராகப் பயன்படுகிறது. ஆனால் நொதி செய்வது இதில் எது? புரதத்துக்கு நார் இல்லையே.

சோதனைக்குழாய்

நார் இல்லை, ஆனால் பிரிய வேண்டிய இடம் உண்டு. டிரிப்சின் என்ற செரிமான நொதி கண்ட இடத்தில் புரதத்தை உடைக்காது. லைசின், ஆர்ஜினின் என்ற இரண்டு அமினோ அமிலங்களுக்கு அடுத்து இருக்கும் பிணைப்பைத்தான் பிளக்கும். அதற்கடுத்து புரோலின் வந்துவிட்டால் பெரும்பாலும் விட்டுவிடும். டிஎன்ஏ-வைப் பிளக்கும் ஈகோ ஆர்-ஒன் நொதி, ஜி-ஏ-ஏ-டி-டி-சி என்ற ஆறெழுத்து வரிசையைத் தேடி, ஜி-க்கும் ஏ-க்கும் நடுவில் பிளக்கும். கொரோனா வைரஸின் முள் புரதத்தில் எஸ்1, எஸ்2 என்ற இரண்டு பகுதிகளுக்கு நடுவில் இருக்கும் ‘ஃபியூரின் கிளீவேஜ் சைட்’, அதாவது ஃபியூரின் என்ற நொதி பிளக்கும் இடம், பெருந்தொற்றுக் காலத்தில் செய்திகளிலேயே அடிபட்டது. ஆக, இடம் குறிக்கப்பட்டிருக்கிறது, அந்த இடத்தில் பிரிகிறது. ‘கட்’ என்பதைவிட ‘கிளீவ்’ எங்களுக்குப் பொருந்திப்போனது இதனால்தான் என்று நான் நினைக்கிறேன்.

தமிழில் ‘புரதத்தைப் பிளக்கிறது’ என்றே எழுதுங்கள். ‘பிணைப்பைப் பிளக்கிறது’ என்றாலும் சரி. ‘சிதைக்கிறது’ வேண்டாம், அது முழுக்கக் கரைந்துபோவதுபோலத் தோன்றும்.

அப்புறம், கருவியலிலும் ‘கிளீவேஜ்’ உண்டு. கருவுற்ற முட்டை இரண்டு, நான்கு, எட்டு என்று செல்களாகப் பிரியும் தொடக்க நிலை அது. மொத்தக் கருவின் பருமன் கூடாமல், உள்ளுக்குள்ளேயே சின்னச் சின்னச் செல்களாகப் பிரிந்துகொண்டு போகும். தமிழ்ப் பாடநூல்களில் இதற்குப் ‘பிளவிப்பெருகல்’ என்று இருக்கிறது. மிகப் பொருத்தமான ஆக்கம்.

அரும்பு

நான் இடையில் ஒன்று கேட்கிறேன். இறந்தகாலம் என்ன? ‘கிளீவ்ட்’ பார்த்திருக்கிறேன், ‘கிளெஃப்ட்’ பார்த்திருக்கிறேன், ‘கிளோவ்’ என்றும் ‘கிளோவன்’ என்றும் பார்த்திருக்கிறேன். எல்லாம் சரியா?

பக்கம்புரட்டி

பிளப்பதற்கு எல்லாமே சரி. ஆனால் ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைத்தால் ஆங்கிலக் காதுக்கு உறுத்தும். ஆய்வுக் கட்டுரையில் ‘கிளீவ்ட்’ மட்டும்தான். நொதி புரதத்தைக் ‘கிளோவ்’ செய்தது என்று எவரும் எழுதமாட்டார். கதையில் கோடரி மரத்தைக் ‘கிளோவ்’ செய்யலாம். பெயரடைகள் ஒவ்வொன்றும் ஒரு பெயரோடு ஒட்டி உறைந்துவிட்டன: மாட்டுக்கும் ஆட்டுக்கும் இருக்கும் பிளவுபட்ட குளம்பு ‘கிளோவன் ஹூஃப்’, பிறவியிலேயே வரும் அண்ணப்பிளவு ‘கிளெஃப்ட் பேலட்’. இதை அங்கேயும் அதை இங்கேயும் மாற்றிப் போட முடியாது. இக்கட்டில் மாட்டிக்கொண்டவரைப் பிளந்த குச்சிக்குள் இருப்பவர் என்று சொல்லும் மரபுத்தொடரிலும் ‘கிளெஃப்ட்’தான்.

ஒட்டுவதற்கு இன்று ‘கிளீவ்ட்’ மட்டும்.

சொல்வேர்

இந்த இறந்தகால வடிவங்கள்தான் இரண்டு சொற்களும் மோதிய தழும்பு. ‘கிளோவ்’, ‘கிளோவன்’ வலுவினையின் பழைய வாரிசுகள். ‘கிளீவ்ட்’ ஒட்டுகிற மெல்வினைக்குச் சொந்தமானது, இப்போது பிளக்கிற வினையும் அதைப் பயன்படுத்துகிறது. எதிர்த்திசையிலும் கடன் போயிருக்கிறது. 1611-இல் வந்த கிங் ஜேம்ஸ் விவிலியத்தில் ஆபிரகாம் பலிக்கான விறகைப் பிளந்தபோதும் ‘கிளேவ்’, ரூத் தன் மாமியாரை விடாமல் பற்றிக்கொண்டபோதும் ‘கிளேவ்’. ஒரே நூலில், ஒரே வடிவம், இரண்டு பொருள். முதலாவதில் விறகு செயப்படுபொருள், இரண்டாவதில் ‘அன்டு’. பக்கம்புரட்டி முதலில் சொன்ன சோதனை அங்கேயும் வேலை செய்கிறது.

மறைவாசகன்

ரூத்தின் வரியைத் தமிழ் விவிலியத்தில் படித்தே வளர்ந்தவன் நான். அந்த வினை ஆங்கிலத்தில் வரும் இடங்களைத் தமிழோடு வைத்துப் பார்த்தால் நம் மொழிபெயர்ப்பாளர்கள் எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் என்று தெரியும். கணவன் பெற்றோரை விட்டு மனைவியோடு ‘கிளீவ்’ செய்வான் என்ற ஆதியாகம வரி, தமிழில் ‘இசைந்திருப்பான்’. எருசலேமை மறந்தால் நாக்கு என்ன ஆகட்டும் என்று சங்கீதக்காரர் சொல்லும் இடத்தில், மேல்வாயோடு ‘ஒட்டிக்கொள்வதாக’. ரூத்துக்குப் ‘பற்றிக்கொண்டாள்’. மூன்று இடங்களிலும் எபிரேய மூலத்தில் இருப்பது ‘தாபக்’ என்ற ஒரே வினை. அதற்கு ஆங்கிலத்தில் ‘கிளீவ்’ என்ற ஒரே வினை. தமிழுக்கு மட்டும் மூன்று. ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று பிடிவாதம் பிடித்திருந்தால் மனைவியோடு ஒட்டிக்கொள்வான் என்று எழுதியிருக்க வேண்டும், கேட்க நன்றாகவா இருக்கும்?

கறார்க்கோடு

எனக்கு இதில் ஒரு மாற்றுக் கருத்து. ஒட்டுகிற ‘கிளீவ்’ விவிலியத்தோடு முடிந்த சொல். இன்றைய கட்டுரையாளர் அதைப் பயன்படுத்துவது வாசகரைத் தடுமாற வைக்கும். ‘ஸ்டிக்’, ‘கிளிங்’, ‘அட்ஹியர்’ என்று மூன்று தெளிவான சொற்கள் இருக்கும்போது, எதிர்ப்பொருளும் தரக்கூடிய ஒன்றை எடுப்பானேன்? மூல ஆசிரியர் அதை எழுதியிருக்கக் கூடாது.

சொல்வேர்

கறார்க்கோடு, பொருள்களைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி. தபால்தலை உறையோடு ‘கிளீவ்’ ஆனது என்று இன்று எழுதினால் விசித்திரமாக இருக்கும், அந்த இடத்தை ‘ஸ்டிக்’ எடுத்துக்கொண்டுவிட்டது. ஆனால் கொள்கை, நம்பிக்கை, மரபு, கட்சிக் கோடு, பழைய கோட்பாடு என்று வரும்போது ‘கிளீவ்’ இன்னும் உயிரோடு இருக்கிறது. நாளிதழ்த் தலையங்கத்திலும் பார்க்கலாம், தீர்ப்புகளிலும் பார்க்கலாம். ‘கிளிங்’ போட்டால் பயந்துபோய்த் தொற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்ற ஏளனம் வந்துவிடும். ‘அட்ஹியர்’ போட்டால் விதிமுறையைப் பின்பற்றுகிறார்கள் என்று வறண்டுபோகும். ‘கிளீவ்’ போட்டால் மனமொப்பி விடாமல் நிற்கிறார்கள் என்ற மதிப்பு கிடைக்கிறது. இந்த நிழலை வேறு சொல் தருவதில்லை.

தடுமாற்றம் வரும் என்ற பயமும் எனக்கு இல்லை. நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக இரண்டும் ஒரே வடிவத்தில் புழங்குகின்றன. ‘டு’ காவலுக்கு நிற்கும்வரை ஆபத்தில்லை.

கறார்க்கோடு

மதிப்பு என்ற வாதம் யோசிக்க வைக்கிறது. இருந்தாலும் அறிவியல் கட்டுரையில், அதுவும் முதல் பக்கத்தில் பிளக்கிற ‘கிளீவ்’ வந்திருக்கும்போது, கடைசிப் பக்கத்தில் ஒட்டுகிற ‘கிளீவ்’ வராமல் இருப்பதே நல்ல நடை என்பேன். காவலாளி இருக்கிறார் என்பதற்காகக் கதவைத் திறந்தே வைக்க வேண்டுமா?

அரும்பு

இதுபோல இன்னும் வினைச்சொற்கள் இருக்கின்றனவா? ‘சாங்ஷன்’ என்றால் அனுமதிப்பது, தடை விதிப்பது இரண்டும் அல்லவா?

பக்கம்புரட்டி

‘சாங்ஷன்’ வேறு வகை. அது உண்மையிலேயே ஒரே சொல். சட்டத்தால் உறுதிசெய்வது என்ற லத்தீன் வேரிலிருந்து ஒரு கிளை அனுமதிக்கும் போனது, இன்னொரு கிளை மீறினால் தண்டனை என்பதற்கும் போனது.

‘கிளீவ்’ போல இரண்டு சொல் ஒன்றாய்ப் போனதற்குச் சரியான உடன்பிறப்பு ‘லெட்’. அனுமதிப்பதற்கு ஒரு ‘லெட்’, தடுப்பதற்கு ஒரு ‘லெட்’. பழைய ஆங்கிலத்தில் முன்னது ‘லேட்டன்’, பின்னது ‘லெட்டன்’. ஹாம்லெட் நாடகத்தில் ஆவியின் பின்னால் போகவிடாமல் தடுக்கும் நண்பர்களைப் பார்த்து, என்னை ‘லெட்’ செய்பவனை ஆவியாக்கிவிடுவேன் என்கிறான். தடுப்பவனை என்று பொருள். ஆனால் அங்கே முடிவு வேறு மாதிரி ஆயிற்று: தடுக்கிற ‘லெட்’ வினையாகச் செத்துவிட்டது. பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டில் அதை வைத்திருப்பவரைத் தடையின்றிப் போகவிடுங்கள் என்று சொல்லும் ‘லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்’ என்ற தொடரிலும், டென்னிஸில் சர்வ் செய்த பந்து வலையில் பட்டு உரிய கட்டத்துக்குள் விழும்போது நடுவர் சொல்வதிலும் பெயர்ச்சொல்லாக மிஞ்சியிருக்கிறது. தடுப்பதும் விடுவதும் அடிக்கடி ஒரே இடத்தில் பேச வேண்டியவை, அங்கே இரண்டும் ஒரே ஒலியில் வாழ முடியாது. பிளப்பதும் ஒட்டுவதும் அப்படி மோதிக்கொள்வதில்லை, வேறு வேறு வாக்கியங்களில் வாழ்கின்றன. ‘கிளீவ்’ தப்பித்தது அதனால்தான் என்பது என் கணிப்பு.

மையெழுத்து

இரண்டு வாக்கியங்களையும் இப்படி முடித்திருக்கிறேன். முதல் பக்கம்: ‘இந்த நொதி புரதத்தை ஒரு குறிப்பிட்ட பிணைப்பில் பிளக்கிறது.’ கடைசிப் பக்கம்: ‘சில ஆய்வாளர்கள் பழைய கோட்பாட்டையே இன்னும் விடாமல் பற்றி நிற்கிறார்கள்.’ மறைவாசகன் காட்டிய ரூத்திடமிருந்து எடுத்துக்கொண்டேன். சொல்வேர் சொன்ன மதிப்பும் இதில் வருகிறது என்று நம்புகிறேன்.

சோதனைக்குழாய்

முதல் வாக்கியம் எனக்குச் சம்மதம்.

சொல்வேர்

இரண்டாவது எனக்கும். ‘பற்றி நிற்கிறார்கள்’ நன்றாக இருக்கிறது.

அரும்பு

கடைசியாக ஒன்று. பூண்டுப் பல்லுக்கும் கிராம்புக்கும் ஆங்கிலத்தில் ‘கிளோவ்’ என்றுதானே சொல்கிறார்கள்? இரண்டும் இதிலிருந்து வந்தவையா? கசாப்புக் கத்தியைக் ‘கிளீவர்’ என்கிறார்களே, அது?

பக்கம்புரட்டி

பூண்டுப் பல் ஆம், கிராம்பு இல்லை. பூண்டின் தலை பல் பல்லாகப் பிளந்து நிற்பதால் அந்தக் ‘கிளோவ்’ பிளக்கிற வினையின் உறவு. கிராம்பு பிரெஞ்சில் ஆணியைக் குறிக்கும் ‘கிளூ’ என்ற சொல்லிலிருந்து வந்தது. ஒரு கிராம்பை எடுத்துப் பாருங்கள், தலையும் தண்டுமாக ஆணிபோலவே இருக்கும்.

‘கிளீவர்’ பிளக்கிற வினைதான். ஆனால் கடைசியில் எஸ் சேர்ந்து ‘கிளீவர்ஸ்’ என்று வந்தால் அது ஒரு செடி, தாவரவியல் பெயர் காலியம் அபரைன். தண்டிலும் இலையிலும் காயிலும் வளைந்த நுண்முட்கள் இருக்கும். பக்கத்தில் நடந்து போனால் துணியில் தொற்றிக்கொண்டு கூடவே வந்துவிடும், விலங்குகளின் மயிரில் ஒட்டிப் போய்த்தான் விதை பரப்புகிறது. அது ஒட்டுகிற வினையிலிருந்து வந்தது.